60லயே நின்னு போன மாக் மார்க்கு: சோமனூர் அம்மிணி ஒருத்தரோட கேட் தயாரிப்பு, ஒரு நிகழ்வு ஆய்வு

61, 64, 58, 63, 62, 66, 60. 2024 ஜூன்ல இருந்து ஆகஸ்ட் கடைசி வரைக்கும் அந்த அம்மிணி எழுதுன ஏழு மாக் டெஸ்டோட, அதாவது பரீட்சைக்கு முன்னாடி பழகறதுக்கு எழுதற மாதிரிப் பரீட்சையோட, மார்க்கு இது. கோயமுத்தூர்ல என்ற ஊட்டு மாடியிலயே, ஐஐஎம் மாதிரி எடத்துல எம்பிஏ சேர எழுதற கேட் (CAT) பரீட்சைக்கு கணக்கு சொல்லிக் குடுத்துட்டு இருக்கேன், பத்து பன்னெண்டு பசங்கதான் வருவாங்க, பாதிப்பேரு வேலைக்குப் போயிட்டே படிக்கறவங்க. ஏறி எறங்கற மார்க்க நெறைய பாத்திருக்கேன், ஆனா இப்படி கல்லு மாதிரி ஒரே எடத்துல நிக்கறது வேற வெசனம், ஏன்னா அவங்க படிக்காம இருக்கல, தினம் ராத்திரி ரெண்டு மணி நேரம் உக்காந்து படிச்சும் நின்னுச்சு. அது எப்படி நகந்துச்சுன்னு முழுசா எழுதி வெக்கோணும்னு தோணுச்சு. அவங்ககிட்ட கேட்டுட்டுத்தான் எழுதறேன், பேரு மட்டும் வேண்டாங்கண்ணான்னாங்க.

சோமனூர் பக்கம் ஊரு. அப்பா கூலிக்கு நெசவு, ஆறு விசைத்தறி ஊட்டுக்குப் பின்னாடியே ஓடிட்டு இருக்கும். இவங்க இஞ்சினியரிங் முடிச்சுட்டு திருப்பூர்ல ஒரு பனியன் எக்ஸ்போர்ட் கம்பெனியில மெர்ச்சன்டைசர், வெளிநாட்டு பையர்கிட்ட இருந்து மெயில் வந்தா லேப் டிப்புங்கற சாயக் கலர் மாதிரி, சாம்பிள், துணி, டெலிவரி தேதி எல்லாத்தையும் புடிச்சு இழுத்துட்டுப் போறது அவங்க பொறுப்பு. 2023ல ஒருக்கா கேட் எழுதி 88 பெர்சன்டைல் வாங்கியிருந்தாங்க. 88னா வெளிய இருக்கறவங்களுக்கு நல்ல மார்க்காத்தான் தெரியும், ஆனா அது மார்க்கு இல்ல, நமக்குப் பின்னாடி எத்தன பேருங்கற கணக்கு. அந்த வருசம் எழுதுனவங்க கிட்டத்தட்ட 2.9 லட்சம் பேரு, அதுல 88னா முன்னாடி இன்னும் முப்பத்தஞ்சாயிரம் பேரு நிக்கறாங்கன்னு அர்த்தம், நல்ல ஐஐஎம்ல இருந்து இன்டர்வியூக்கு கூப்புடறது கஷ்டம்.

பரீட்சைய தெரியாதவங்களுக்கு சுருக்கமா சொல்லிர்றேன். மொத்தம் ரெண்டு மணி நேரம், மூணு செக்‌ஷன், ஒவ்வொண்ணுக்கும் 40 நிமிஷம், மொதல்ல இங்கிலீஷ், அடுத்து டேட்டாவும் லாஜிக்கும், கடைசியா கணக்கு. ஒரு செக்‌ஷன் முடிஞ்சா மறுக்கா உள்ள போக முடியாது, மிச்சம் இருக்கற நேரத்த அடுத்ததுக்கு கொண்டுட்டு போகவும் முடியாது. சரிக்கு 3, ஆப்ஷன் குடுத்த கேள்வி தப்பானா 1 கொறையும், விடைய டைப் பண்ற கேள்வியில கொறையாது. 2020க்கு முன்னாடி மூணு மணி நேரமா இருந்தத கொரோனா சமயத்துல கொறச்சாங்க, அப்பறம் அதுவே நின்னுருச்சு. இந்த 40 நிமிஷ பூட்டுதான் இந்தக் கதைக்கு முக்கியம்.

மொதல்ல நான் பண்ணுன தப்ப சொல்லோணும். மார்க்கு நிக்குதுன்னு சொன்னதும் நான் குடுத்தது இருநூறு கணக்கு, நம்பர் சிஸ்டம்ல அறுபது, ஆல்ஜிப்ரால எம்பது, மிச்சம் ஜியாமெட்ரி. அந்தப் புள்ள அத்தனையும் போட்டுச்சு. கம்பெனி பஸ்ல உக்காந்துட்டே போட்டுச்சு. அடுத்த மாக் 62. அதுக்கடுத்தது 66 வந்தப்ப ரெண்டு பேருமே நெனச்சோம் ஏறிருச்சுன்னு, மறு வாரம் 60. அப்பத்தான் எனக்கு உறைச்சது, நோய் என்னன்னு பாக்காம மருந்து குடுத்துட்டு இருக்கேன்னு.

ஒரு ஞாயித்துக்கிழம மத்தியானம் உக்காந்தோம். கடைசியா எழுதுன மாக்க தொறந்து கேள்விக்கு கேள்வி எத்தன நேரம் எடுத்தாங்கன்னு ஒரு நோட்டுல எழுதுனோம், மாக் நடத்தறவங்க அந்த நேரக்கணக்க குடுக்கறாங்க, ஆனா முக்காவாசிப் பேரு மார்க்க பாத்துட்டு மூடிர்றாங்க. அந்த 60ல இங்கிலீஷ் 24, டேட்டா 17, கணக்கு 19. கணக்குல 22 கேள்வி, 15 தொட்டிருக்காங்க, 8 சரி, 7 தப்பு, அதுல 5 ஆப்ஷன் கேள்வி, அதனால 24ல அஞ்சு போயி 19. இது வரைக்கும் அவங்களுக்கே தெரியும். தெரியாதது நேரக்கணக்கு. சரியா போட்ட எட்டு கேள்விக்கு மொத்தமே 13 நிமிஷம். தப்பா போட்ட ஏழுக்கு 22 நிமிஷம். மிச்ச 5 நிமிஷம் தொடாம படிச்சுப் பாத்துட்டு விட்ட கேள்விகளுக்கு.

அந்த 22ங்கற நம்பர பாத்துட்டு அந்தம்மிணி ரொம்ப நேரம் பேசவே இல்ல. நாப்பதுல பாதிக்கு மேல, ஒரு மார்க்கும் தராத, தந்ததையும் புடுங்கிட்டுப் போன கேள்விகளுக்குப் போயிருக்கு. முன்னாடி ரெண்டு மாக்கயும் எடுத்துப் பாத்தோம், அதே கதைதான், ஒண்ணுல 20 நிமிஷம், இன்னொண்ணுல 23. மார்க்கு ஏன் நிக்குதுங்கறது அங்கதான் இருந்துச்சு. எத்தன புதுசா படிச்சாலும் சரியா போடற கேள்விக்கு கெடைக்கற நேரம் அந்த பதிமூணு பதினாலு நிமிஷம்தான், பாத்திரம் சின்னது, எவ்வளவு ஊத்துனாலும் வழியத்தான் செய்யும்.

அடுத்து ஒரு வேல பண்ணுனோம். கடைசி மூணு மாக்ல கணக்குல தப்பானது மட்டும் 19 கேள்வி. அவங்க பழக்கம் என்னன்னா மாக் முடிஞ்ச உடனே விடை விளக்கத்த தொறந்து படிச்சு “ஓ, இப்படியா”ன்னு தலையாட்டிட்டு அடுத்ததுக்குப் போறது. படிச்சா எல்லாமே புரியும், அதுதான் ஏமாத்து, அடுத்தவன் போட்ட கணக்கு புரியறதும் நாம போடறதும் ஒண்ணில்ல. அதனால விளக்கத்த பாக்காம, கடிகாரமும் இல்லாம, 19ஐயும் மறுக்கா போட வெச்சேன். ரெண்டு ஞாயித்துக்கிழம ஆச்சு. 12 கேள்வி யாரு ஒதவியும் இல்லாம அவங்களே சரியா போட்டுட்டாங்க. 4 கேள்வி நான் ஒரு வார்த்த எடுத்துக் குடுத்ததும் வந்துருச்சு. நெசமாவே தெரியாதது மூணே மூணு, ரெண்டு லாகரிதம், ஒண்ணு பொருள்கள பங்கு போடற கேள்வி. இந்த மூணுக்காக நான் இருநூறு கணக்கு போட வெச்சிருக்கேன்.

அந்த 12ல ஒண்ண மட்டும் கிட்டத்துல காட்டறேன். மாடுலஸ் கேள்வி. ஒரு முழு எண், அதுக்கும் 3க்கும் உள்ள வித்தியாசம், அதுக்கும் மைனஸ் 5க்கும் உள்ள வித்தியாசம், ரெண்டையும் கூட்டுனா 12க்கு மேல போகக்கூடாது, அப்படி எத்தன எண் இருக்கு, விடைய டைப் பண்ணோணும். பரீட்சையில இவங்க என்ன பண்ணியிருக்காங்கன்னா புக்குல இருக்கற மாதிரி மூணு கேஸா பிரிச்சு, மைனஸ் 5க்கு கீழ, நடுவுல, 3க்கு மேலன்னு ஒவ்வொண்ணா குறி மாத்தி போட்டு, நடுவுல ஒரு மைனஸ விட்டு மறுக்கா மொதல்ல இருந்து போட்டு, 4 நிமிஷம் 50 செகண்ட் கழிச்சு மைனஸ் 7ல இருந்து 5 வரைக்கும்னு கண்டுபுடிச்சுட்டாங்க. கண்டுபுடிச்சுட்டு 5ல மைனஸ் 7 கழிச்சா 12ன்னு டைப் பண்ணிட்டாங்க. ரெண்டு கடைசி எண்ணையும் சேத்து எண்ணுனா 13.

நான் கேட்டேன், அம்மிணி, உங்க தோட்டத்துல நூறடி நீளத்துக்கு வேலி போடோணும், பத்தடிக்கு ஒரு கல்லு நட்டா எத்தன கல்லு வேணுங்க? யோசிக்கவே இல்ல, பதினொண்ணுங்கண்ணான்னாங்க. அப்பறம் அவங்களே நோட்ட பாத்து “அய்யோ”ன்னாங்க. இதே ஒண்ணு விட்ட தப்பு அந்த மூணு மாக்ல நாலு எடத்துல இருந்துச்சு. அது கணக்கு தெரியாத தப்பில்ல, எண்றப்ப வர்ற தப்பு. ஆனா அதுவரைக்கும் அவங்க நோட்டுல “ஆல்ஜிப்ரா வீக்”னு எழுதி வெச்சிருந்தாங்க. நேரத்துக்கும் வழி இருந்துச்சு, 3க்கும் மைனஸ் 5க்கும் நடுவுல இருக்கற தூரம் 8, 12க்கு இன்னும் 4 பாக்கி, வெளிய ஒரு எண்ணு நகந்தா ரெண்டு தூரமும் ஒண்ணொண்ணு கூடும், அதனால ரெண்டு பக்கமும் ரெண்டு ரெண்டு எண்ணு வெளிய போலாம், அவ்வளவுதான், முப்பது செகண்ட். அன்னைக்கு இருந்து நோட்டுல பாடம் பேரு எழுதறத நிறுத்திட்டு தப்பு என்ன வகைன்னு எழுத ஆரம்பிச்சாங்க: எண்ணுனது தப்பு, கேள்விய மாத்திப் படிச்சது, நீட்டு வழியில போனது, விட வேண்டியத விடாதது, நெசமாவே தெரியாதது.

விட வேண்டியத விடாதது. அங்கதான் அதிகமா கோடு விழுந்துச்சு. நான் எத்தனையோ தடவ சொல்லியிருக்கேன், ரெண்டு நிமிஷத்துல வழி தெரியலைன்னா விட்டுருங்க, மார்க் பண்ணி வெச்சுட்டு நகருங்கன்னு, தலையாட்டுவாங்க, பரீட்சையில உக்காந்தா விடமாட்டாங்க. ஏன்னு ஒருநா கேட்டேன். அவங்க சொன்னது எனக்கு இப்பவும் மனசுல இருக்கு. “கம்பெனியில ஒரு ஆர்டர எடுத்துட்டு முடியலைன்னு சொன்னா பேரு கெட்டுப்போயிருங்கண்ணா, டையிங்ல கலர் வரலைன்னா நாலு தடவ போட்டாவது குடுத்தாகோணும், கப்பல் போயிருச்சுன்னா பிளேன்ல ஏத்தியாவது அனுப்போணும், தொட்டுட்டு விடறதுங்கறது எனக்கு வரமாட்டேங்குது.” நாலு வருசமா தினம் எட்டு மணி நேரம் பழகுன கொணம், நான் வாரத்துக்கு ஒருக்கா ரெண்டு வார்த்த சொன்னா மாறிருமா? அது கெட்ட கொணமும் இல்ல, அந்த வேலைக்கு அதுதான் வேணும்.

மாத்துனது நானில்ல, அவங்கப்பா. ஒருநா நோட்டு வாங்க சோமனூர் போயிருந்தேன், காப்பி குடுத்துட்டு தறிக்கொட்டாயிலயே நின்னு பேசிட்டு இருந்தாரு, தறிச் சத்தத்துல கத்தித்தான் பேசோணும். பேசிட்டு இருக்கறப்பவே ஒரு தறியில இழை அறுந்துருச்சு, போயி நிறுத்தி முடிச்சுப் போட்டு ஓட்டி விட்டுட்டு வந்தாரு, ஒரு நிமிஷம் கூட ஆகல. கொஞ்ச நேரங்கழிச்சு இன்னொண்ணுல பாவு இழை ஒரு கொத்தா அறுந்து சிக்கிருச்சு. அத ஆஃப் பண்ணிப்போட்டு திரும்பி வந்து நாயத்த விட்ட எடத்துல இருந்து பேசறாரு. ஏனுங்க அத பாக்கலீங்களான்னு கேட்டேன். “அது பெரிய அறுப்புங்க, உக்காந்தா அரை மணி நேரம் இழுக்கும், அதையே கட்டிப்புடிச்சுட்டு நின்னா மத்த அஞ்சுல எது அறுந்தாலும் தெரியாது, நெய்யற மீட்டரு கொறஞ்சு போயிருமில்லீங்க, இதுக ஓடறத பாத்துட்டு பொறகு அதுக்கு வருவேன்”னாரு. அந்தம்மிணி வாசப்படியில நின்னுட்டு இருந்தாங்க. சின்னதுல இருந்து பாத்த தறிதான், ஆனா அன்னைக்கு அவங்க அப்பாவ பாத்த பார்வைய நான் பாத்தேன். மறு வாரத்துல இருந்து நோட்டுல “விட வேண்டியத விடாதது”ங்கறத அடிச்சுட்டு “பெரிய அறுப்பு”ன்னு எழுதியிருந்தாங்க.

அதுக்கப்பறம் கணக்கு செக்‌ஷன ரெண்டு சுத்தா பிரிச்சோம். மொத சுத்து 25 நிமிஷம், 22 கேள்வியையும் ஒருக்கா பாக்கோணும், சின்ன அறுப்பு மட்டும் கட்டோணும், படிச்சு முடிச்சதும் மொத அடி என்னன்னு தெரியாத கேள்விய மார்க் பண்ணிட்டு நகரோணும். ரெண்டாவது சுத்து 15 நிமிஷம், மார்க் பண்ணதுல எது நமக்கு வருமோ அது மட்டும். மொத்தம் 12, 13 தொட்டாப் போதும்னு சொன்னேன். 15ல இருந்து 12க்கு கொறைக்கறதுக்கே அவங்களுக்கு ரெண்டு வாரம் ஆச்சு, கை பழகல.

இங்கிலீஷ்ல பிரச்சன வேற. பையரோட மெயில் வருசக்கணக்கா படிச்சவங்க, வேகம் இருக்கு, ஆனா மெயில் படிக்கறப்ப கண்ணு தேடறது அளவு, தேதி, ஓகேவா இல்லையா, அவ்வளவுதான். கேட்ல நாலு கேள்வித்தொகுப்பு வருது, ஒவ்வொண்ணுலயும் படிக்கறதுக்கு ஒரு பத்தி, நாலு கேள்வி, அங்க தகவல் தேடுனா மாட்டிக்குவோம், எழுதுனவரு எந்தப் பக்கம் நிக்கறாருங்கறதத்தான் கேப்பாங்க. அதனால ஒவ்வொரு பத்தி முடிஞ்சதும் எழுதுனவரு என்ன சொல்ல வர்றாருன்னு தமிழ்ல ஒரே வரி சொல்லோணும்னு வெச்சோம். மியூசியத்துல இருக்கற பழைய பொருள அந்தந்த நாட்டுக்கே திருப்பிக் குடுக்கறதப் பத்தி ஒரு பத்தி, அதுக்கு மொத நா அவங்க சொன்ன வரி “மியூசியம், திருப்பிக் குடுக்கறது, சட்டம்”. இது வரியில்லீங்க அம்மிணி, சாமான் லிஸ்ட்டுன்னேன். நாலாவது தடவ படிச்சுட்டு சொன்னாங்க: “இவரு குடுக்க வேண்டாங்கல, குடுக்கற மொறையத்தான் கொற சொல்றாரு.” அந்த வரி கெடச்ச உடனே நாலு கேள்வியில மூணு தானா விழுந்துச்சு. இங்கிலீஷ் பரீட்சைக்கு தமிழ்ல யோசிக்க சொல்றானேன்னு நெனைக்கறவங்க ஒருக்கா செஞ்சு பாருங்க, இங்கிலீஷ்ல சொன்னா பத்தியில இருக்கற வார்த்தையவே திருப்பிச் சொல்லி நாம புரிஞ்சமாதிரி நெனச்சுக்குவோம், தமிழ்ல சொல்லோணும்னா புரிஞ்சாத்தான் வாயில வரும்.

இதெல்லாம் பண்ணிட்டு செப்டம்பர் கடைசியில எழுதுன மாக் 55. அடுத்தது 57.

ரெண்டாவது மார்க்கு வந்த அன்னைக்கு ராத்திரி பதினொரு மணிக்கு போன். ஷிப்மென்ட் வாரம் வேற, கம்பெனியில இருந்தே வந்து சேந்தது ஒம்போதரைக்கு. அழுதுட்டே “பழையபடியே போயரட்டுங்களாண்ணா, அறுபதாவது வந்துட்டு இருந்துச்சு”ன்னாங்க. எனக்கும் நெசமாவே பயம் வந்துருச்சு, பரீட்சைக்கு ரெண்டு மாசம் கூட இல்ல, சரி விட்டுருங்கன்னு சொல்ற வரைக்கும் வந்துட்டேன். ஆனா காலையில பேசலாம்னு சொல்லிட்டு மொத்தத்த விட்டுட்டு பிரிச்சுப் பாத்தேன். 55ல கணக்கு 25. பத்தொம்பதுல இருந்து இருவத்தஞ்சு, அதுவும் மூணு கேள்வி கம்மியா தொட்டு. டேட்டா 16, அப்படியேதான். விழுந்தது இங்கிலீஷ், 24ல இருந்து 14. தமிழ் வரிய பத்திக்கு ஒண்ணுன்னு சொன்னத இவங்க வாக்கியத்துக்கு வாக்கியம் பண்ணி, ரெண்டு தொகுப்ப தொடவே நேரமில்லாம போயிருக்கு. அப்ப ஒரு செக்‌ஷன் ஏறுனத இன்னொரு செக்‌ஷன் மறச்சிருக்கு. மொத்த மார்க்க மட்டும் பாத்திருந்தா அன்னைக்கே எல்லாத்தையும் தூக்கிப் போட்டிருப்போம்.

திருத்துனது ரொம்ப சின்னது. வரிய எழுதக்கூடாது, மனசுக்குள்ள மட்டும், பத்திக்கு ஒண்ணு, வரலைன்னா அடுத்த பத்திக்குப் போயரோணும். கூடவே மாக் எழுதற நேரத்த மாத்துனோம், அதுவரைக்கும் வேல முடிஞ்சு வந்து ராத்திரி ஒம்போது மணிக்கு எழுதிட்டு இருந்தாங்க, கேட் நடக்கறது காலையில 8:30, மத்தியானம் 12:30, சாயந்திரம் 4:30ன்னு மூணு வேளையில, எது வரும்னு நம்ம கையில இல்ல, ஆனா ராத்திரி ஒம்போது மணிக்கு வராதுல்ல. ஞாயித்துக்கிழம பகல்லதான் எழுதோணும்னு வெச்சோம். வாரத்துக்கு ஒரு மாக்குக்கு மேல வேண்டாம்னு வெச்சு, மிச்ச நாள்ல அந்த ஒண்ணையே பிரிச்சு மறுக்கா போடறது. அக்டோபர்ல 68, 74, 71. தீவாளி முடிஞ்ச மொத ஞாயித்துக்கிழம 79, அதுல இங்கிலீஷ் 34, கணக்கு 29.

டேட்டா அப்பவும் 16தான்.

இத மறைக்கக் கூடாது. டேட்டாவும் லாஜிக்கும் எங்களால நகத்தவே முடியல. ஒரே தகவல வெச்சு சில கேள்வி கேக்கற செட்டு நாலஞ்சு இருக்கும், மொத அஞ்சு நிமிஷம் எதையும் போடாம அத்தனையும் படிச்சு எத எடுக்கறதுன்னு முடிவு பண்ணோணும்னு வெச்சோம், அது சரியான வழிதான், மத்த பசங்களுக்கு நல்லாவே ஒதவியிருக்கு. இவங்களுக்கு ரெண்டு செட்டுக்கு மேல முடியல. எங்க தப்புன்னா நாங்க இத அக்டோபர் நடுவுலதான் கையில எடுத்தோம், கணக்கும் இங்கிலீஷும் ஏறுற சந்தோசத்துல தள்ளிப் போட்டுட்டோம். செட் தேர்ந்தெடுக்கற கண்ணு வர்றதுக்கு நூத்துக்கணக்கான செட்ட போடாட்டியும் பாக்கவாவது செஞ்சிருக்கோணும், மூணு மாசம் வேணும், எங்ககிட்ட இருந்தது ஆறு வாரம்.

நவம்பர் 24, பரீட்சை. கோயமுத்தூர்லயே சென்டர், மத்தியான வேளை. 2023ல மொத்தம் 66 கேள்வி, இந்தத் தடவ 68, கூடுன ரெண்டும் டேட்டாவுல, அங்க 22 ஆயிருச்சு. வெளிய வந்ததும் நேரா இங்க வந்தாங்க, அவங்கப்பாவும் கூட வந்திருந்தாரு, அன்னைக்கு தறிய நிறுத்திட்டு வந்துட்டேன்னாரு. கணக்குல 13 தொட்டேங்கண்ணா, ஆறு பெரிய அறுப்பு, ஒண்ணக்கூட கட்டிப்புடிக்கல, அதத்தான் மொதல்ல சொன்னாங்க. அவங்க குறிச்ச விடையெல்லாம் இருக்கற ரெஸ்பான்ஸ் ஷீட் வந்ததும் சரி பாத்தோம், 13ல 11 சரி. டேட்டாவுல ஒரு செட்ட ஏழு நிமிஷம் பாத்துட்டு விட்டிருந்தாங்க, அதுதான் அஞ்சுலயே சுலபமா இருந்துச்சுன்னு கூட எழுதுன பொண்ணு சொன்னாங்களாம். கஷ்டமா இருக்குங்களான்னு கேட்டேன். கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு, அந்த ஏழு நிமிஷத்துல எனக்கு தெரிஞ்சத வெச்சு விட்டேங்கண்ணா, மறுக்கா உக்காந்தாலும் விட்டுருப்பேன்னாங்க.

டிசம்பர்ல ரிசல்ட், 96 பெர்சன்டைல். டேட்டா செக்‌ஷன்ல மட்டும் 84 பெர்சன்டைல், அதனால செக்‌ஷனுக்கு தனி கட்-ஆஃப் கேக்கற ரெண்டு மூணு எடம் கதவ சாத்திருச்சு. புது ஐஐஎம்கள்ல இருந்து இன்டர்வியூக்கு கூப்பிட்டாங்க. அதுக்கு தயார் பண்றப்ப தறிக்கொட்டாயப் பத்தி சொல்லலாங்களாண்ணான்னு கேட்டாங்க. தாராளமா சொல்லுங்கன்னேன்.